பிள்ளையாரைக் கண்டால் மெதுவாகும் இராஜாளி

எங்கள் புதிய கார் இராஜாளி மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். பிள்ளையார் கோயிலைக் கண்டால் மட்டும் இருபதுக்கு வந்துவிடும்.

இதை முதலில் கவனித்தவள் நான்தான். என் பெயர் பூங்கோதை. கோயம்புத்தூரில் வல்லூறு மோட்டார் கம்பெனியில் புரோஷர் எழுதும் வேலை. கம்பெனியின் வரலாறு, இன்றைக்கு விற்பனையில் இருக்கும் கார்கள், அவற்றின் பெருமைகள் எல்லாவற்றையும் பளபளப்பான தாளில் அச்சடித்துத் தருவோம். திரையில் படித்தால் கோடீசுவரர்களுக்குக் கை வராது; தாளைத் தடவிப் பார்த்தால்தான் வாங்கத் தோன்றும்.

வரலாற்றில் நான் எழுதியதெல்லாம் உண்மைதான். கொஞ்சம் இஸ்திரி போட்ட உண்மை. எங்கள் ஸ்தாபகர் சென்னியப்பன் பீளமேட்டில் வெட் கிரைண்டர் செய்துகொண்டிருந்தவர். வெளிநாட்டு கார் ஒன்றை யாரோ பீற்றிக்கொண்டதைக் கேட்டு, "அதென்ன பிரம்ம வித்தையா?" என்று பட்டறையிலேயே ஒரு கார் செய்தார். அது ஓடும்போது மாவு ஆட்டுகிற சத்தம் கேட்கும். 'ஓசையில் தனித்தன்மை' என்று எழுதினேன். இரண்டாவது மாடல் நீலகிரி மலையேற்றப் பந்தயத்தில் வெளிநாட்டு கார்களை மண்ணைக் கவ்வ வைத்தது. அதை அப்படியே எழுதினேன். மூன்றாவதில் கதவு இறக்கை மாதிரி மேலே திறக்கும், மழை பெய்தால் அதில் தேங்கிய தண்ணீரெல்லாம் இறங்குகிறவர் தலையில் கொட்டும். 'இயற்கையோடு இயைந்த வடிவமைப்பு.'

அதற்குப் பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. பொதுச் சாலையில் மனிதர்கள் வண்டி ஓட்டக் கூடாது, வண்டி தானாகத்தான் ஓட வேண்டும் என்றார்கள். விபத்து குறைந்தது, நல்லதுதான். ஆனால் ஸ்டியரிங்கே இல்லாத ஸ்போர்ட்ஸ் காரை யார் வாங்குவார்கள்? உலகம் முழுக்க ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிகள் ஷட்டரை இறக்கின. எங்களைக் காப்பாற்றியது சென்னியப்பனின் பேரன் திருமூர்த்தி. இப்போதைய எம்.டி. அவர் விற்றது காரை அல்ல, கையை.

கை என்றால் ஓட்டும் விதம். நல்ல ஓட்டுநர் ஒருவரைச் சிறப்பு அனுமதியோடு சில வருடங்கள் சாலையில் ஓட்டவிட்டு, அவர் எங்கே திருப்புகிறார், எங்கே மிதிக்கிறார், எங்கே விடுகிறார் என்பதை வண்டியின் மூளைக்குப் பழக்கிவிடுவோம். அப்புறம் அந்த வண்டி அவரைப் போலவே ஓடும். எங்கள் தகைவிலான் இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். அதற்குக் கோத்தகிரி தேயிலை லாரி ஓட்டியவரின் கை. செம்பருந்து குடும்பத்துக்கானது, கல்யாண வீடுகளுக்கே ஓட்டிப் பழகிய ஒருவரின் கை, பின்சீட்டில் காபி சிந்தாது. எல்லாவற்றுக்கும் மேலே இராஜாளி. அதன் கை ஜுலைகா அக்காவுடையது.

அந்த நீலகிரிப் பந்தயத்தில் ஜெயித்தவர் அவர்தான். அப்போது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. உக்கடத்துக்காரர். வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளில் அவர் வண்டியைத் திருப்புவதைப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். அவர் கையைப் பதிவு செய்து முடித்த மறு வருடம் அவருக்கு நடுக்க நோய் வந்துவிட்டது. எங்கள் சொந்த டிராக்கில்கூட அவரால் இனி ஓட்ட முடியாது. இராஜாளிக்குள் இருப்பதுதான் அவருடைய ஓட்டத்தில் மிச்சம்.

அந்த இராஜாளியில்தான், கைப் பதிவுப் பிரிவின் தலைமை எஞ்சினியர் நவநீதனோடு, பொள்ளாச்சி சாலையில் ஒரு சுற்றுப் போனேன். சவாரியின் சுகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். ஒத்தக்கால்மண்டபம் தாண்டி ஓரமாக ஒரு பிள்ளையார் கோயில். வண்டி வேகத்தைக் குறைத்து, மரியாதையாகக் கடந்து, மறுபடி சீறியது. அடுத்த பிள்ளையாரிடமும் அதே கதை.

"ஏன் நவநீதன், வண்டி சாமி கும்பிடுதா?"

அவன் சிரிக்கவில்லை. திரும்பிப் போய்ப் பழைய ஓட்டங்களை எல்லாம் பார்த்தான். முருகன் கோயில், மாரியம்மன் கோயில், மசூதி, சர்ச் எதையும் இராஜாளி கண்டுகொள்ளவில்லை. மருதமலை முருகனுக்கே அந்த கதி. பிள்ளையாருக்கு மட்டும் தனி மரியாதை, அதுவும் எல்லா நாளும் இல்லை.

விஷயம் திருமூர்த்தியின் அறைக்குப் போனது. முதலில் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"முஸ்லிம் அம்மா ஓட்டற வண்டி, புள்ளையாருக்கு நிக்குது. ஏம்மா கோதை, இதவிட ஒரு விளம்பரம் கெடைக்குமா? போஸ்டர் அடிச்சரலாம்."

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோங்க சார்" என்றேன்.

அதற்குள் இத்தாலியிலிருந்து எங்கள் டீலர் பெர்னார்தோ திரையில் வந்தார். மாதிரிக்கு அனுப்பிய இராஜாளியில் ஒரு பெரிய மனிதரை ஏற்றி ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறார். ஒரு கிராமத்துத் தெருவில், கல்யாணம் நடந்துகொண்டிருந்த ஒரு சர்ச் முன்னால், காரணமே இல்லாமல் வண்டி மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிட்டதாம். பின்னால் வந்த சாதாரண கார்கள் முந்திப் போக, பெரிய மனிதருக்கு முகம் சிவந்துவிட்டதாம்.

"அங்க ஏதுங்க புள்ளையாரு?" என்றார் திருமூர்த்தி. சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. "வேகத்துக்குத்தான்யா இத வாங்கறாங்க. நவநீதா, தை பொறந்தா லாஞ்ச். அதுக்குள்ள இந்தக் கோளாற மட்டும் கிள்ளி எடு."

"கிள்ள முடியாதுங்க சார். கைங்கறது மொத்தமா ஒண்ணு. ஒரு பழக்கத்தப் பிடுங்கினா வளைவுல திரும்பறதும் சேர்ந்து போயிரும். அது ஏன் மெதுவாகுதுன்னு அதுக்கே தெரியாது. பழக்கம், அவ்வளவுதான்."

"அப்ப வெலைக்கு வருதே ஒரு ஜெர்மன் ரேஸ் சாம்பியன் கை, அத வாங்கி ஏத்திரு."

 பயன்பாட்டில் இல்லாத கையை வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். யாரோ ஒரு சாதுவான ஓட்டுநரின் கையைத் திருடிக் கொள்ளைக்கார வண்டியில் ஏற்றி, பழி அந்தச் சாதுவின் தலையில் விழுந்த பிறகு வந்த சட்டம் அது. இராஜாளிக்கு ஜெர்மன் கை ஏறினால் ஜுலைகா அக்காவின் கையை அன்றே அழித்துவிட வேண்டும். திருமூர்த்திக்கும் இது தெரியும். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். 

நவநீதன் அடுத்த சில நாட்கள் தூங்கவே இல்லை என்று நினைக்கிறேன். கூட்டம் கூடிய ஒரு கோயிலில் அனுமதி வாங்கிப் பிள்ளையாருக்கு முன்னால் திரை போட்டுப் பார்த்தான். வண்டி அப்போதும் மெதுவாகவே போனது. எங்கள் டிராக்கில் ஒரு சின்னக் கோயில் கட்டிப் பிள்ளையாரை வைத்தான். வண்டி திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்தது. புதிதாக வந்த பிள்ளையாருக்கு எங்கள் காவலாளி தினமும் பூ வைக்க ஆரம்பித்ததுதான் மிச்சம்.

"சாமி இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதாங்கறதா?" என்று கேட்டேன்.

"வண்டிக்கு சாமி பிரச்சினையே இல்லங்க. வேற என்னமோ பாக்குது" என்றான்.

இதற்குள் சேதி உக்கடம் வரை போய்விட்டது. கம்பெனிக் கேட்டில் ஆட்டோ வந்து நின்றது. ஜுலைகா அக்கா இறங்கினார். நடுங்கும் கைகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொள்வார், நடை மட்டும் இன்னமும் பந்தயக்காரி நடைதான்.

"எவன் சொன்னது நான் பிரேக் புடிச்சேன்னு?"

"அக்கா, உட்காருங்க. டீ சொல்றேன்."

"டீ கெடக்கட்டும் கோதை. வால்பாற எறக்கத்துலயே என்ற காலு பிரேக்கத் தேடுனதில்ல. ஊட்டு வாசல்ல தெருவே சிரிக்குது. புள்ளையாரக் கண்டா ஜுலைகா பம்முறாளாமா. என்ற மருமவன் வெநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்ட செஞ்சு தரட்டுமான்னு கேக்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெல்லம் நெறையப் போடுன்னேன். அது வேற வெசயம். வண்டிய எடுக்கச் சொல்லு. நான் ஒக்காந்து பாக்கறேன். அது பிரேக்கப் போட்டா, அது என்ற கையே இல்ல, நவநீதன் பதிஞ்சதுல கோளாறு. நீங்களே அழிச்சுக்கோங்க."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அழிக்கப் போகிறார்கள் என்பதும் தெரிந்திருந்தது. கோபத்தைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அக்கா முன்சீட்டில், நானும் நவநீதனும் பின்னால். ஸ்டியரிங், மிதி எதுவும் இல்லாத முன்சீட்டு. கால் வைக்க ஒரு கம்பளம் மட்டும். வண்டி கிளம்பி முதல் வளைவில் திரும்பியதும் அக்கா பேசுவதை நிறுத்திவிட்டார். இரண்டாவது வளைவில் அவர் தோள் வண்டிக்கு முன்னாலேயே சாய்ந்தது. தன் குரலை முதல்முறை ரேடியோவில் கேட்கிறவர் போல ஒரு வெட்கம் அவர் முகத்தில். "பரவால்ல" என்றார் மெதுவாக. "நல்லாத்தான் ஓட்டிருக்கறேன்."

அன்று சங்கடஹர சதுர்த்தி. கிணத்துக்கடவுக்கு முன்னால் அந்தப் பிள்ளையார் கோயில் வாசலில் கூட்டம் இருந்தது. சாலை வெறிச்சென்று கிடந்தது, குறுக்கே ஒரு கோழிகூட இல்லை. வண்டி மெதுவாக ஆரம்பித்தது. நான் கோயிலைப் பார்த்தேன். நவநீதன் கையிலிருந்த திரையைப் பார்த்தான். பிறகு தற்செயலாக அக்காவின் காலைப் பார்த்தேன்.

அவருடைய வலது கால் கம்பளத்தை அழுத்திக்கொண்டிருந்தது. நடுக்கமே இல்லாமல், அழுத்தமாக.

கோயில் வாசலில் ஒருவர் கையைத் தலைக்கு மேலே தூக்கினார். தேங்காய் கல்லில் சிதறியது. சில்லுகள் சாலை வரை தெறித்தன. அடுத்த கணம் பூவரச மரத்துக்குப் பின்னாலிருந்து, பெட்டிக்கடைக்குப் பின்னாலிருந்து, எங்கிருந்துதான் வந்தார்களோ, ஏழெட்டுப் பிள்ளைகள் இடது வலது பார்க்காமல் சாலைக்குள் பாய்ந்தார்கள். இராஜாளி அவர்களுக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே, சும்மா நடந்துபோகிறவர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு பெண் குழந்தை பெரிய சில்லாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, எங்களுக்கு நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு ஓடியது.

எதிரே வந்த வேறொரு கம்பெனி கார் கிறீச்சிட்டு நின்றது. உள்ளே இருந்தவர்கள் முன்னால் விழுந்து எழுந்தார்கள்.

"அதுவும் நின்னுருச்சே" என்றேன்.

"பிள்ளைங்க ரோட்டுக்கு வந்த பொறகுதான் நின்னுச்சு" என்றான் நவநீதன். அவன் குரல் மாறியிருந்தது. "எல்லா வண்டியும் கண்ணுக்குத் தெரியறதுக்குத்தாங்க நிக்கும். இது தேங்காய் உடையறதுக்கு முன்னாடியே கொறைச்சிருச்சு. கூட்டம் நிக்கற தோரணை, ஒருத்தர் கை தூக்கறது, அதுலயே தெரிஞ்சுக்குது. டிராக்குல சாமி இருந்தாரு, தேங்காய் இல்ல. அதான் பறந்துச்சு. பழைய ஓட்டத்துலயும் அப்படித்தான் இருக்கும், தேங்காய் உடைக்கற நாள்ல மட்டும்." சட்டென்று நிமிர்ந்தான். "இத்தாலில கல்யாணம். சர்ச் வாசல்ல மிட்டாய் எறிவாங்க. பொறுக்கறதுக்குப் பிள்ளைங்க ஓடிவந்திருக்கும். பெர்னார்தோ பிள்ளைங்களப் பத்திச் சொல்லவே இல்ல பாருங்க. மெதுவாப் போனா அதெல்லாம் ஒரு சம்பவமாவே தெரியாது."

அக்கா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன வயசுல நாங்கதான் கண்ணு மொதல்ல ஓடுவோம்" என்றார். "எங்க தெரு மொனைல ஒரு புள்ளையாரு. சாமி யாருதா இருந்தா என்ன, தேங்கா இனிக்கத்தான செய்யும். என்ற தம்பி ஒருக்கா டெம்போல மாட்டிக் கால ஒடச்சுக்கிட்டான். இன்னைக்கும் விந்தி விந்தித்தான் நடப்பான். பிரியாணின்னா மட்டும் ஓடுவான்."

சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். கைகள் நடுங்கியதால் கண்ணைத் துடைக்க முடியவில்லை, நான் துடைத்துவிட்டேன்.

"பிரேக் புடிச்சிருக்கறேன்" என்றார். "இத்தன வருசம் புடிச்சிட்டுத்தான் இருந்திருக்கறேன். எனக்கே தெரியல பாரு."

திருமூர்த்தியிடம் நவநீதன் எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டினான். அவர் நல்ல மனிதர்தான். மூன்று தடவை போட்டுக் காட்டச் சொன்னார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப சரி. ஜெர்மன்காரன் வேண்டாம். கோதை, இத எப்படிச் சொல்றதுன்னு நீ பாத்துக்க. 'வருமுன் அறியும் கார்'னு போடலாமா? ஏனுங்க்கா, சட்டப்படி உங்க கையெழுத்து ஒண்ணு வேணும். இந்தக் கைய உபயோகிக்கலாம்னு."

"போடறேன் தம்பி" என்றார் ஜுலைகா அக்கா. திருமூர்த்தியை அவர் அரை டிராயரில் பார்த்தவர். "வருசத்துக்கு எத்தன இராஜாளி விப்பீங்க?"

"கையால எண்ணிரலாங்க. அதுதானுங்க அதோட மவுசே."

"வாங்கறவங்க தெனமும் ஓட்டுவாங்களா?"

திருமூர்த்தி சிரித்தார். "ஓட்டறதாவது. குளுகுளு ஷெட்டுல வெச்சு, ஒறம்பற சனம் வந்தாக் காட்டுவாங்க."

"அப்ப என்ற கையும் ஷெட்டுலதான் இருக்கும்." அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். "ஊர்ல ஓடற ஸ்கூல் வேனுக்கெல்லாம் இந்தக் கையக் குடுங்க. பொறவு கையெழுத்துப் போடறேன்."

திருமூர்த்தியின் வாய் திறந்தபடியே இருந்தது.

"என்னுங்க்கா நீங்க. உலகத்துலயே பத்துப் பேருகிட்டதான் இருக்கும்னு சொல்லி விக்கற கைய, ஸ்கூல் வேன்ல போட்டா எவன் வாங்குவான்? கடைத் தேங்காய எடுத்து வழிப் புள்ளையாருக்கு ஒடைக்கறீங்களே."

"தேங்காயே என்னுதுதான தம்பி."

"கையெழுத்துப் போடலைன்னா அழிக்கணுங்க அக்கா. அதாவது தெரியுமா?"

"தெரியும்." அவர் துப்பட்டாவுக்குள்ளிருந்து கைகளை எடுத்து மேசை மேல் வைத்தார். அவை நடுங்கின. மறைக்க முயலவில்லை. "இதுவே போயிருச்சு. அதுவும் போகட்டும். ஷெட்டுல தூங்கறதுக்கா நான் ஓட்டுனேன்?"

 நவநீதன் தரையைப் பார்த்தான். எனக்கோ தலை தட்டாமாலை சுற்றியது. அந்தக் கையைக் காப்பாற்றத்தானே இத்தனை பாடு, அதையே இவர் பணயம் வைக்கிறாரே என்று. வாயைத் திறக்கும் இடம் அதுவல்ல, ஆனாலும் திறந்தேன்.

"சார், புரோஷர்ல ஒரு வரி போடறேனுங்க. 'உங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகும் அதே கை.' இதவிட நம்பிக்கையா ஒரு கை எந்தக் கம்பெனில இருக்கு?"

திருமூர்த்தி என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தாத்தா சென்னியப்பனின் படத்தைப் பார்த்தார். அது உதவிக்கு வரவில்லை.

"வேன்ல நம்ம பேரு வரப்படாது" என்றார் கடைசியில்.

"என்ற பேரும் வேண்டாம்" என்றார் அக்கா. கையெழுத்துப் போட வெகு நேரம் ஆனது. கோணல்மாணலாகத்தான் வந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

தை பிறந்தது. இராஜாளி விற்றது. என் வரியைப் படித்துவிட்டு வாங்கினார்களா, காரின் சிவப்பைப் பார்த்து வாங்கினார்களா என்று எனக்குத் தெரியாது; வரியால்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெர்னார்தோவின் பெரிய மனிதரும் ஒன்று வாங்கினார். திருமூர்த்தி சொன்னது போலவே அவை எல்லாம் ஷெட்டில் குளுகுளுவென்று இருக்கின்றன.

வேன்கள் மட்டும் காலையும் மாலையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பள்ளி திறந்து பல மாதம் ஆன பிறகு, ஒரு நாள் காலை நானும் நவநீதனும் அக்காவைப் பார்க்கப் போனோம். அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு வேனையும் பரீட்சைத் தாள் திருத்துகிற டீச்சர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் திருப்பத்துல பாத்தியா கோதை? என்ற திருப்பந்தான். அட்சரம் பெசகல."

மஞ்சள் வேன் ஒன்று தெருவுக்குள் வந்தது. எதிர்வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, மூடிய பச்சைக் கதவு ஒன்றின் முன்னால் அது மெதுவானது. கூட்டம் இல்லை, தேங்காய் இல்லை, யாரும் கையைத் தூக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை அந்த வேனில் போகிறவனும் இல்லை.

அக்காவின் கால் அசையவில்லை. நான் பார்த்தேன்.

"இங்க எதுக்கு மெதுவாகுது?" என்றார் அக்கா. முகம் சுருங்கியது. "நான் இப்படி ஓட்டவே மாட்டனே."

பச்சைக் கதவு படாரென்று திறந்தது. ஒரு பையன், ஒரு காலில் ஷூ, மறு ஷூ கையில், வாயில் தோசை, தெருவைப் பார்க்காமல் குறுக்கே ஓடி அந்தப் பக்கம் நின்ற சைக்கிளை எடுத்தான். வேன் அவன் போகும்வரை காத்திருந்துவிட்டு நகர்ந்தது.

"தினமும் லேட்டா வர்றவன் போல" என்றான் நவநீதன். "கை ஓட ஓடத்தான் கத்துக்கும் அக்கா. ஷெட்டுல இருக்கறது நீங்க விட்ட இடத்துலயே நிக்குது. இது இந்த ஊரையே படிச்சிருச்சு. இப்ப இதுல உங்களுது எவ்வளவு, அதுவாக் கத்துக்கிட்டது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது."

நான் பயந்தேன். காலால் பிரேக் பிடித்தேன் என்று ஒத்துக்கொள்ளவே அத்தனை பாடுபட்டவர். தன் கை தன்னுடையதாக இல்லை என்றால் எப்படித் தாங்குவார்?

வேன் தெருமுனையில் திரும்பி மறையும்வரை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"என்னவிட நல்லா ஓட்டுது, கழுத" என்றார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. அடுத்த வேன் வருகிறதா என்று தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.